பேனலில் ஒரு படகு

ராயபுரத்தில் நானும் என் கணவரின் அக்காவும் சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். ஒற்றை ஷட்டர் அகலம். உள்ளே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு ஸ்டூல். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் தெரு என்பதால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடலோடு சம்பந்தப்பட்டவர்கள். அவர்கள் கொண்டுவரும் ஆதார் அட்டையில்கூட லேசாக மீன் வாசனை அடிக்கும்.

அண்ணி முன்பு துறைமுக வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தவர். முழங்கால் வலி வந்து அதை விட்டார். இந்தக் கரையில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. நான் கொருக்குப்பேட்டைக்காரி. ரயில் பாதை ஓரத்தில் வளர்ந்தவள். கூட்ஸ் வண்டி ஊதுகிற சத்தத்தை வைத்து அது யார்டுக்குள் போகிறதா, வெளியே போகிறதா என்று சொல்லிவிடுவேன். கடலைப் பற்றி எதுவும் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு சில வருடம் மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். ஆக, கடையில் மனிதர்கள் அண்ணியின் பொறுப்பு, மெஷின்கள் என் பொறுப்பு. இப்படி நாங்களாகப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது.

எங்கள் கம்ப்யூட்டர் பழையது. விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும் என்பதால் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும், பேனல் என்பார்கள். அதன் வலது ஓரத்தில் மணி, நெட் இருக்கிறதா இல்லையா, ஸ்பீக்கர் என்று சின்னச் சின்னப் படங்கள். இந்தக் கதை அந்த ஓரத்தில்தான் நடந்தது.

சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கும், நாங்கள் போட்டு அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் தினமும் காலையில் கடைக்கு வருவார். கடல் நிலவரம் சொல்கிற அரசுத் தளத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து நீட்டுவார்.

"தங்கச்சி, இத்த பெருசா அடிச்சுக் குடு. எனுக்கு கண்ணு தெரியல. எங்காளுங்க பாதிப் பேருக்கும் தெரியாது. ஆனா எவனும் ஒத்துக்க மாட்டான்."

நான் பெரிதாக்கிக் கொடுப்பேன். அவர் அதை ஐஸ் குடோன் சுவரில் ஒட்டிவிடுவார். அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று நான்கைந்து பேர் கூடி நின்று படித்துவிட்டுப் போவார்களாம். ஒருநாள் காற்றுப் படத்தை மட்டும் கொண்டுவருவார், மறுநாள் அலைப் படத்தை மட்டும். இரண்டையும் ஒரே தாளில், தமிழில், தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி எழுத்தில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

ஸ்கிரிப்ட் என்பது பெரிய வித்தை இல்லை. நாம் கையால் ஒவ்வொன்றாகச் செய்வதை வரிசையாக எழுதிவைத்தால் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும். காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அது தானாக ஓட ஆரம்பிக்கும். தளத்துக்குப் போகும், அலைப் படத்தை இறக்கும், காற்றுப் படத்தை இறக்கும், எண்களை எடுத்துத் தமிழில் அடுக்கும், ஒரு தாளாக்கி வைக்கும். எங்கள் தெரு நெட்டில் அதற்குக் கணிசமான நேரம் பிடிக்கும். அத்தனையும் திரைக்குப் பின்னால் நடப்பதால், பார்க்கிறவர்களுக்கு எதுவுமே தெரியாது. கம்ப்யூட்டர் சும்மா இருப்பது போலத்தான் தோன்றும்.

சும்மா இருக்கிற எதையும் அண்ணி விட்டுவைக்க மாட்டார். நான் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டரை அணைத்திருப்பார்.

"அண்ணி, ஏன் ஆஃப் பண்ணீங்க?"

"சும்மாதான கெடந்துச்சு? எதுக்கு கரண்ட்ட கொட்டணும்?"

"சும்மா இல்ல அண்ணி, உள்ள ஓடிகினு இருந்துச்சு."

"எங்க ஓடுச்சு? காட்டு, பாக்கலாம்."

காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

ஒருநாள் அப்படிப் பாதியில் அணைத்துப் போட்டதில் அரைகுறைத் தாள்தான் தயாராகியிருந்தது. கூட்டம் இருந்ததால் நானும் பார்க்காமல் அதையே அடித்துக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"இன்னா தங்கச்சி, அலை கீது, காத்தக் காணோம்? காத்துக்கு இன்னிக்கு லீவா?"

அன்று மாலை ஒரு தாளில் 'அணைக்காதீர்கள்' என்று பெரிதாக அடித்து மானிட்டரின் தலையில் ஒட்டினேன். இரண்டு நாள் அண்ணி மதித்தார். மூன்றாம் நாள் மறுபடி அணைத்துவிட்டார். கேட்டதற்கு, "அது எப்பவுமேதான அப்டி சொல்லிகினு கீது? ராத்திரி பூட்றப்பவும்தான் சொல்லுது. அப்ப நான் கடைய பூட்டாம குந்திகினு இருக்கணுமா?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். எப்போதும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் அறிவிப்பு எதையும் சொல்வதில்லை. ஓடும்போது மட்டும் தெரிய வேண்டும். ஓடி முடித்ததும் போய்விட வேண்டும்.

நெட்டில் தேடினேன். பேனலின் ஓரத்தில் நமக்குப் பிடித்த ஒரு படத்தைக் கொண்டுவந்து உட்காரவைக்க ஒரு சின்ன நிரல் இருந்தது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஐகான் வந்துவிடும். என்ன படம் போடுவது? அதில் தயாராக இருந்தவை எல்லாம் பல்சக்கரம், மணற்கடிகாரம், சுற்றிக்கொண்டே இருக்கும் அம்பு. அண்ணிக்குப் பல்சக்கரம் என்ன சொல்லும்? நானே வரைய உட்கார்ந்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன இடம். ஒவ்வொரு புள்ளியாக நிறம் வைத்து, நீல அலை மேல் சிவப்பாக ஒரு படகு வரைந்தேன். வரைந்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எட்ட நின்று பார்த்தேன். படகு மாதிரியேதான் இருந்தது.

மறுநாள் அண்ணியிடம் காட்டினேன்.

"இந்தப் படகு இங்க நிக்குற வரைக்கும் தொடக் கூடாது. அது போனப்பறம் என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். "ஷோக்கா கீதே. நீயா வரைஞ்ச?" என்றார். அந்த ஒரு கேள்வியே எனக்கு அன்று முழுக்கத் தெம்பாக இருந்தது.

ஆனால் முதல் நாளே சொதப்பியது. நான் ஒரு வேலையாகத் திருவொற்றியூர் போய்விட்டு மத்தியானம் திரும்பினால் கடையில் நான்கு பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணி கம்ப்யூட்டருக்குக் காவல் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னாமா உன் போட்டு? காலையிலேர்ந்து நின்னுகினே கீது. நானும் கைய வெக்கல. இவுங்களும் பிரிண்ட்டுக்கு நிக்குறாங்க. பேஜாரா பூடுச்சு."

பார்த்தால், ஸ்கிரிப்ட் எப்போதோ முடிந்து தாள் தயாராக இருக்கிறது. படகு மட்டும் போகவில்லை. அப்போதுதான் புரிந்தது. ஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். ஐகான் தனி ஆள். 'நீயும் கிளம்பு' என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிற்க வைத்த இடத்தில் நின்றுகொண்டே இருக்கும். வேலை முடிந்தாலும் சரி, நடுவில் முறிந்தாலும் சரி, ஸ்கிரிப்ட் வெளியேறும்போது ஐகானையும் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வரி சேர்த்தேன். மறுநாளிலிருந்து படகு நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது.

அதன் பிறகு கடையே அந்தப் படகின் போக்கில் ஓட ஆரம்பித்தது. "போட்டு நிக்குது, இரு" என்பார் அண்ணி, பிரிண்ட்டுக்கு வந்தவர்களிடம். "போட்டு பூடுச்சு, வா" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுப்பார். எதிர் டீக்கடையில் நிற்பவர்கள் அதைக் கேட்டு டம்ளரை வைத்துவிட்டு வருவார்கள். நான் பழைய ஆபீசில் இதைவிடப் பெரிய நிரல்களெல்லாம் எழுதியிருக்கிறேன். அவற்றை யாரும் பார்த்ததில்லை. இதைத் தெருவே பார்த்தது.

சில வாரம் இப்படி நன்றாகப் போயிற்று. பிறகு ஒருநாள் மீன்காரக்கா ஒருவர் வந்தார்.

தண்டையார்பேட்டைத் தெருக்களில் அன்னக்கூடையில் மீன் விற்பவர் அவர். அவர் கணவர் லாஞ்சி என்கிற பெரிய விசைப்படகில் போகிறவர். ஒருமுறை போனால் சில நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். மகளின் பள்ளிச் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவருக்கு நேராகத் திரை. நான் மெஷினில் தாளை வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"யம்மா, அங்க ஒரு போட்டு இருந்துச்சே, எங்க?"

நான் திரும்பாமலேயே சொன்னேன். "அது போயிடுச்சுக்கா. வேலை முடிஞ்சா மறைஞ்சிடும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார். முகம் இறுகியிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சான்றிதழும் ஜெராக்ஸும் மெஷின் மேலேயே இருந்தன.

"என்ன அண்ணி, நான் என்ன சொல்லிட்டேன்?"

அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவ அப்பன் கடலுக்குப் பூட்டு திரும்பி வரல. அவ சின்னப் பொண்ணு அப்போ. கரையில நின்னு பாத்துகினே இருந்தாளாம். போட்டு சின்னதாகி, சின்னதாகி, காணாம பூடுச்சாம். அவ்ளோதான். இப்ப இவ வூட்டுக்காரர் போட்டும் நேத்தே வந்திருக்கணும். இன்னும் வரல."

அது வெறும் படம்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. படகு நின்றால் தொடாதே என்று ஊரையே நம்பவைத்தது நான்தான். நிற்கும்போது நம்பு, மறையும்போது நம்பாதே என்று எப்படிச் சொல்வது?

அண்ணி சான்றிதழ்களை ஒரு கவரில் போட்டார். "நான் போய் குடுத்துட்டு வரேன். முட்டி வலிச்சா வலிக்கட்டும்" என்று செருப்பை மாட்டினார். படி இறங்கியவர் திரும்பி, "அந்த போட்டு காணாம போவக் கூடாதும்மா. வந்து நிக்கணும். அத்த மாத்து" என்றார்.

நான் உட்கார்ந்து மாற்றினேன். இப்போது ஐகானைப் போகச் சொல்லக் கூடாது. முகத்தை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். அதற்கும் வழி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஐகானுக்கு ஒரு குழாய் வழியாகச் செய்தி அனுப்புவது போல 'இனி இந்தப் படத்தைக் காட்டு' என்று சொல்லலாம். ஸ்கிரிப்ட் ஓடும்வரை படகு கடலில். முடிந்ததும் அதே படகு கரையில். அங்கேயே நாள் முழுக்க நிற்கும். நடுவில் நெட் அறுந்தால் ஸ்கிரிப்ட் செத்துப்போகாமல் காத்திருந்து மறுபடி முயலும். அதுவரை படகும் கடலிலேயே இருக்கும்.

கரையை எப்படி வரைவது? எங்கள் பக்கம் கடற்கரை என்றால் கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர்தான். படகுக்கு அடியில் கறுப்பாகக் கற்களை வைத்தேன்.

சாயங்காலம் அண்ணி திரும்பி வந்தபோது அவர் முகத்திலேயே சேதி தெரிந்தது.

"போன் வந்துச்சும்மா. பழவேற்காடு தாண்டி இன்ஜின் மக்கர் பண்ணிச்சாம். இன்னொரு போட்டு கட்டி இழுத்துகினு வருதாம். காலையில கரைக்கு வந்துடும். அவ வூட்டுல டீ போட்டுக் குடுத்தா, குடிச்சிட்டு வரேன்."

புதிய ஐகானைக் காட்டினேன். அண்ணி குனிந்து பார்த்தார்.

"கல்லு மேலயா ஏத்தி வெச்ச போட்ட? ஒடைஞ்சிடாது?"

கற்களை எடுத்துவிட்டு மணல் நிறம் வைத்தேன். அதில் வேறு சிக்கல். அவ்வளவு சின்னப் படத்தில் கீழே நீலமா, மஞ்சளா என்று அண்ணியின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. முன்பு இருக்கிறது, இல்லை என்பது சுலபம். இப்போது எப்போதும் ஒரு படகு நின்றது. ஓடும்போது அணைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஓடாதபோதும் தொட அவருக்குப் பயம். கரைப் படகில் ஒரு கொடி வைத்துப் பார்த்தேன், கயிறு வைத்துப் பார்த்தேன். அந்த அளவில் கொடி கறை மாதிரி இருந்தது. கயிறு தெரியவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் மீன்காரக்கா வந்தார். கூடையை வாசலில் இறக்கி வைத்திருந்தார். கையில் ஒரு பை. "வூட்டுக்காரர் கொண்டாந்தது. சங்கரா. கொழம்பு வெச்சிக்கங்க" என்று அண்ணியிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "அன்னிக்கு சொல்லாம கொள்ளாம பூட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதம்மா" என்றார்.

"நீங்கதான்க்கா மன்னிக்கணும். எனக்குத் தெரியாது."

"ஒனக்கு எப்டி தெரியும்? நீ ரயில் பக்கத்து ஆளு" என்று சிரித்தார்.

ஸ்டூலை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக் காட்டினேன். இது கடலில் இருக்கும் படகு, வேலை முடிந்ததும் இப்படிக் கரைக்கு வந்துவிடும், இனி மறையாது என்றேன். கூடவே எங்கள் கஷ்டத்தையும் சொன்னேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுநேரம் யோசிக்கவில்லை.

"காக்கா வெச்சிடு."

"காக்காவா?"

"போட்டு கரைக்கு வந்தா மொதல்ல வர்றது யாரு? நானா? காக்காதான். நாங்க தூரத்துலேர்ந்து காக்கா சுத்துறத பாத்துட்டுதான் கூடைய எடுப்போம். கடல் நடுவுல ஏது காக்கா?"

அண்ணி தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் அவர்கள் கண்ணெதிரிலேயே கரைப் படகின் முனையில் கறுப்பாகச் சில புள்ளிகள் வைத்தேன். ஒரு வாலும் ஒரு மூக்கும் சேர்த்தேன். எட்ட நின்று பார்த்தாலும் தெரிந்தது. கறுப்பு இருந்தால் கரை, இல்லாவிட்டால் கடல். அண்ணி கண்ணாடி இல்லாமலேயே சொல்லிவிட்டார்.

"இப்ப ஓட விடு, பாப்போம்" என்றார் மீன்காரக்கா.

ஸ்கிரிப்டை ஓட விட்டேன். காக்கா இல்லாத படகு அலை மேல் வந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருவர் பாஸ்போர்ட் போட்டோ கேட்டு வந்தார். "இருப்பா, போட்டு கடல்ல கீது" என்று அவரையும் நிற்கவைத்தார் அண்ணி. போட்டு அண்ணனும் தன் தாளுக்காக வந்து சேர்ந்துகொண்டார். நெட் ஒருமுறை அறுந்தது. நான் சொன்னதும், "நெட்டு கிழிஞ்சா தெச்சிட்டுதான வரணும்? வரட்டும் நிதானமா" என்றார் அவர், மீன்வலையைச் சொல்வது போல. தெருவில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. எங்களில் யாரும் திரும்பவில்லை.

காக்கா வந்து உட்கார்ந்தது.

மீன்காரக்கா எழுந்து கூடையைத் தலையில் வைக்கத் தூக்கிவிடச் சொன்னார். நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம். தெருவில் இறங்கி, நேராக நிமிர்ந்து நடந்து போனார்.

இப்போது அந்த ஐகானுக்கு வேறு தகராறு. போட்டு அண்ணன் தன் போட்டு பச்சை என்கிறார். ஏன் சிவப்பாக வரைந்திருக்கிறாய் என்று கேட்கிறார். அவரோடு வருகிற இன்னொருவர் தன்னுடையது நீலம் என்கிறார். நீலம் வைத்தால் அலையோடு கலந்துவிடும் என்று சொன்னால், "அப்ப அலைக்கு வேற கலர் குடு" என்கிறார். தினம் ஒரு நிறத்தில் வருகிற மாதிரி ஸ்கிரிப்டில் மாற்றிவைத்தேன். தன் நிறம் வந்த நாளில் ஒவ்வொருவரும் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மீன்காரக்கா பையைக் கொடுத்த அன்று மத்தியானமே சங்கராக் குழம்பை அண்ணி வைத்துக் கொண்டுவந்தார். கடைக்குள்ளேயே, பிரிண்டர் மேல் செய்தித்தாள் விரித்துத் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நான் சொன்னேன். "மூடிகினு சாப்டு" என்று அண்ணி இன்னொரு துண்டை என் தட்டில் போட்டார்.